மண் மன்னிக்குமா?

மனிதன் கொட்டிய மாசினை மண்ணே மாற்றிவிடுமெனில், கொட்டியவனுக்குக் கடமை ஏதும் எஞ்சுகிறதா? அறிவியல் நம்முன் கொணர்ந்துள்ள இவ்வினா, உண்மையில் அறத்தின்பாற்பட்ட வினாவாகும்.

அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்தில், பெமிட்ஜி நகருக்கருகே, 1979 ஆகஸ்டு 20ஆம் நாள் எண்ணெய்க் குழாய் ஒன்று வெடித்தது. ஏறத்தாழ 17 இலட்சம் லிட்டர் கச்சா எண்ணெய் வெளியேறிற்று. உறிஞ்சியும், எரித்தும், மண்ணை அகழ்ந்தும் பெரும்பகுதியை அகற்றினர். எனினும், ஏறத்தாழ 4 இலட்சம் லிட்டர் மண்ணுள் இறங்கி, நிலத்தடி நீரைத் தொட்டது.

1983 முதல் அறிவியலார் அவ்விடத்தை ஆராய்ந்து வருகின்றனர். அவர்கள் கண்டதென்ன? அம்மண்ணிலேயே வாழ்ந்த நுண்ணுயிர்கள் எண்ணெயை உணவாகக் கொண்டு சிதைத்தன. உயிர்வளி தீர்ந்த இடத்தில், மண்ணிலுள்ள இரும்பின் துணையால் அப்பணியைத் தொடர்ந்தன. நீரில் கரைந்த நஞ்சு நெடுந்தொலைவு பரவாமல் மட்டுப்பட்டது.

இதைக் கண்டு, ‘இயற்கை பொறுத்துக்கொள்ளும்’ என நாம் ஆறுதல் கொள்ளலாமா? ஆகாது. நுண்ணுயிர் எண்ணெயை உண்பது பசியால்; அருளால் அன்று. மன்னிப்பென்பது, இழைக்கப்பட்ட தீமையை அறிந்தவர் வழங்குவது. ஒன்றும் அறியாத உயிரின் உழைப்பை நமக்குக் கிட்டிய மன்னிப்பாகக் கணக்கெழுதுவது, நம்மை நாமே ஏமாற்றிக்கொள்வதன்றி வேறென்ன?

மேலும், அவ்வுயிர்கள் தம் போக்கிலேயே செயற்படும். 40 ஆண்டுகள் கடந்த பின்னரும் பெமிட்ஜி மண்ணடியில் எண்ணெய் எஞ்சியிருந்தது. ஒரு தலைமுறையின் குறைக்காக மறு தலைமுறை காத்துக்கிடப்பது எவ்வகை நீதி?

அங்ஙனமாயின், நம் கடமை யாது? முதற்கண், கசிவை மறைக்காமல், அயலில் கிணற்று நீர் அருந்துவோருக்கு உண்மையை உரைத்தல். அடுத்து, நுண்ணுயிருக்குத் துணைநிற்றல். டீசல் தோய்ந்த மேல்மண்ணைக் கிளறிக் காற்றூட்டி, ஈரம் காத்து, தழைச்சத்தும் மணிச்சத்தும் சேர்த்தால் அதன் பணி விரைவுறும். அதற்கும் எல்லையுண்டு, ஈயம் போன்ற உலோகத்தை எந்த நுண்ணுயிரும் உண்டு தீர்க்காது. ஆகவே, கசியாமல் காப்பதே தலையாய கடன்.

மண் தூய்மையுறுவது வேறு. மனிதன் கடன் தீர்ப்பது வேறு. முன்னதற்கு நுண்ணுயிர் நமக்குத் துணையாகும். பின்னதை நாமே செய்தாக வேண்டும்.