சமமான சட்டப் பாதுகாப்பும் ஆவணம் தயாரிப்போரும்: ஓர் அறவியல் நோக்கு

முன்னுரை

வழக்கறிஞர் அல்லாதார் கட்டணம் பெற்றுப் பிறர்க்கு நீதிமன்றப் படிவங்களை நிரப்பித் தரும் தொழில் அமெரிக்க ஐக்கிய நாடுகளில் உண்டு. அவர்கள்மீது மட்டும் விதிக்கப்பெறும் கட்டுப்பாடுகள் சமத்துவத்திற்கு முரணாகுமா என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. 1868ஆம் ஆண்டின் பதினான்காம் திருத்தத்தில் இடம்பெற்ற ‘சமமான சட்டப் பாதுகாப்பு’ என்னும் கருத்து, இந்திய அரசியலமைப்பின் 14ஆம் உறுப்பிலும் இடம்பெற்றிருத்தலின் இவ்வினா நமக்கும் உரியதாகிறது.

வேறுபாட்டின் அடிப்படை

1994இல் திருத்தப்பெற்ற நொடிப்புநிலைச் சட்டம், கடனாளியின் மனுவைத் தயாரிக்கும் வழக்கறிஞரல்லாதார் தம் சமூகப் பாதுகாப்பு எண்ணை அம்மனுவில் குறிக்கவேண்டும் என்றது. வழக்கறிஞர்க்கு இக்கடப்பாடு இல்லை. இது சமத்துவத்தை மீறுகிறது என்னும் வாதத்தை ஒன்பதாம் வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் 1999இல் ஏற்கவில்லை. தொழில்களை வகைப்படுத்தும் விதிக்கு அறிவுக்கு ஒத்த காரணம் ஒன்று இருப்பின் போதும் என்பதே அளவுகோல். கண் மருத்துவரையும் மூக்குக்கண்ணாடி செய்வோரையும் வேறுபடுத்திய ஒக்லகோமா மாநிலச் சட்டத்தை உச்சநீதிமன்றம் 1955இல் ஏற்றதும் இவ்வளவுகோலாலேயே. வழக்கறிஞர் தேர்வுக்கும் ஒழுங்கு நடவடிக்கைக்கும் உட்பட்டவர். ஆதலின் வேறுபாடு காரணமற்றது அன்று.

யாருடைய சமத்துவம்?

எனினும், இவ்வழக்குகளில் ஒப்புநோக்கப்படுவோர் தொழில் செய்யும் இரு சாராரே. விதியின் சுமையை இறுதியில் தாங்குபவர், வழக்கறிஞர்க்குப் பணம் தர இயலாத மூன்றாமவர். ஃபுளோரிடாவில் மணவிலக்குப் படிவங்கள் நிரப்ப உதவிய ரோஸ்மேரி ஃபர்மனை அம்மாநில உச்சநீதிமன்றம் 1979இல் தடுத்தது. அவரால் வாடிக்கையாளர்க்குத் தீங்கு நேர்ந்ததென்று வழக்கறிஞர் கழகம் வாதிடவில்லை. அதே தீர்ப்பில், ஏழையர்க்குச் சட்ட உதவி கிடைக்கும் வழிகளை ஆராயுமாறு அக்கழகத்தை நீதிமன்றம் பணித்தமை ஈண்டு நோக்கத்தக்கது. தடையோடு ஒரு கடமையும் பிறக்கிறது என்பதை நீதிமன்றமே உணர்ந்திருந்தது எனலாம்.

கலிபோர்னியா 1998இல் இயற்றிய சட்டம் வேறு வழியைக் காட்டுகிறது. பதிவு செய்துகொண்டு, 25,000 டாலருக்குப் பிணையம் அளிப்போர் இத்தொழிலைச் செய்யலாம். சட்ட ஆலோசனை மட்டும் கூறலாகாது. இங்கே தொழில் அழிக்கப்படவில்லை, பொறுப்பு ஏற்றப்படுகிறது.

முடிவுரை

காரணம் உண்டா என்று கேட்பது நீதிமன்றத்தின் வினா. அக்காரணம் யாருக்காகச் சொல்லப்படுகிறது என்று கேட்பது அறத்தின் வினா. ஏழையைக் காப்பதற்கே இவ்விதிகள் என்றால், தவறான உதவியை விலக்கும் அரசு தக்க உதவியை அளிக்கவும் கடமைப்பட்டது. அது செய்யாதவிடத்து விதி சட்டப்படி செல்லலாம். நடுவுநிலைமை உடையது ஆகாது.