எண்ணுகிறவனின் அறியாமை

சர்வர்களை வாடகைக்கு விடும் நிறுவனம், வாடிக்கையாளர் ஒவ்வொருவரும் எவ்வளவு பேண்ட்வித் உபயோகிக்கிறார் என்று அளந்தாக வேண்டும். இல்லாவிட்டால் பில் போட முடியாது. ஒருவருடைய வெள்ளம் மற்றவரை மூழ்கடிப்பதும் தெரியவராது. அளப்பதன் அவசியத்தில் விவாதமில்லை. அளப்பது எப்போது வேவு பார்ப்பதாகிறது என்பதே பிரச்னை.

லெஸ்டர் நகரின் டி மான்ட்ஃபர்ட் பல்கலைக்கழகத்தில், ஒரு 64 கிலோபிட் இணைப்பைக் கவனிப்பதற்காக டோபியாஸ் ஓட்டிக்கர் எழுதிய புரோகிராம் எம்.ஆர்.டி.ஜி. ஐந்து நிமிஷத்துக்கொருமுறை அது ரௌட்டரிடம் கேட்பது ஒன்றுதான்: எத்தனை பைட் போயிற்று, எத்தனை வந்தது? போனது கவிதையா வசையா என்று அதற்குத் தெரியாது.

இப்படிச் சேரும் அளவுகள் முப்பது நாளில் 8,640. பில் போடுவதில் பரவலான முறை ஒன்று, உச்சத்திலுள்ள 5 சதவீதத்தைத் தள்ளிவிட்டு, மிஞ்சியவற்றில் பெரியதற்குக் கட்டணம் விதிப்பது. மாதத்தில் 36 மணி நேரம் மன்னிக்கப்படுகிறது. அப்போது நடந்தது கொண்டாட்டமா, வெளியார் தாக்குதலா என்று விசாரணை கிடையாது. இந்த விசாரிக்காத மன்னிப்பை அறம் என்றே நினைத்திருந்தேன்.

இப்போது அப்படி நினைக்கவில்லை. பூட்டிய கதவின் முன் நின்றவனை, உள்ளே நுழையவில்லை என்று மெச்சுவதில் அர்த்தமில்லை. 1996-ல் சிஸ்கோவின் நெட்ஃப்ளோ அந்தக் கதவைத் திறந்தது. எந்த முகவரியிலிருந்து எந்த முகவரிக்கு, எப்போது, எவ்வளவு என்று அது குறித்துக்கொள்கிறது. கடிதம் அல்ல, உறை மட்டும். தாக்குதல் எங்கிருந்து வருகிறதென்று தேட இது உதவுகிறது. ஆனால் ஒருவருடைய உறைகளை மாதம் முழுவதும் அடுக்கிப் பார்த்தவனுக்குக் கடிதம் தேவைப்படாது.

இதை நான் யோசித்து அறியவில்லை, செய்து அறிந்தேன். நான் வங்கி குமாஸ்தா. வேலையில் சேர்ந்தபோது ரகசியம் காப்பதாகக் கையெழுத்திட்டவன். கூட்டமில்லாத ஒரு மத்தியானம், காரியம் எதுவுமின்றி, ஒரு நண்பரின் கணக்கைத் திறந்தேன். தேதிகள், தொகைகள், திரும்பத் திரும்ப ஒரு மருத்துவமனையின் பெயர். அவர் சொல்வதற்கு ஒரு மாதம் முன்பே எனக்குத் தெரிந்துவிட்டது. யாரிடமும் சொல்லவில்லை. ஆனால் அந்த மாதம் அவர் காட்டிய கவிதைகளைப் பற்றி ஒரு கடுமையான வார்த்தை என் வாயில் வரவில்லை. நான் அவருக்குத் தரவேண்டியிருந்த விமர்சனத்தை இரக்கம் தின்றுவிட்டது.

ஆகவே, வெளியே சொல்லாதிருப்பது போதாது. பில்லுக்குத் தேவை எண்ணிக்கை. அதோடு நிற்க வேண்டும். தாக்குதலுக்காகத் திறந்ததை, அது முடிந்ததும் அழித்துவிட வேண்டும். பார்க்க முடிகிறவன் பார்க்காமலிருப்பதில்தான் அறம் ஆரம்பிக்கிறது.

நண்பரிடம் இதைச் சொன்ன பிறகே எழுதுகிறேன். அவர் கோபிக்கவில்லை. அந்தக் கவிதைகள் நிஜமாகவே எப்படி என்று மட்டும் கேட்டார்.