வளர்ப்பு மீனுக்குரிய ஹக்கு

வீட்டில் கண்ணாடித் தொட்டி வைத்துத் தங்க மீன் வளர்ப்பது மார்க்கத்தில் கூடுமா என்று உத்தனப்பள்ளியிலும் அதன் சுற்று வட்டாரத்திலும் இப்போது பலர் கேட்கிறார்கள். இராயக்கோட்டையிலிருந்து ஓசூர் செல்லும் சாலையில் இருக்கும் இவ்வூர்ப் பக்கம் முன்பெல்லாம் ஆடு, மாடு, கோழி பற்றிய மஸ்அலாக்களைத்தான் கேட்பார்கள். ஓசூரைச் சுற்றி ஆலைகள் பெருகின. வெளியூர்களிலிருந்து வேலைக்கு வந்த குடும்பங்கள் வாடகை வீடுகளில் மாடியிலும் மச்சிலும் குடியேறின. மாடி வீட்டில் ஆடு கட்ட இடமேது? பிள்ளைகளின் ஆசைக்கு ஒரு மூலையில் மீன் தொட்டி வந்து அமர்கிறது.

ஒரு சகோதரர் கேட்ட கேள்வி சற்று வேறானது. “பிள்ளைகள் கேட்டதற்காக மூன்று முறை மீன் வாங்கினோம். மூன்று முறையும் சில வாரங்களில் செத்துப் போயின. பட்டினி போடவில்லை, வேளாவேளைக்குத் தாராளமாகவே தீனி போட்டோம். அன்பாகத்தான் வளர்த்தோம். எங்கள் மீது குற்றம் உண்டா?” இந்தக் கேள்வியைத்தான் நாம் ஆராய வேண்டும். அன்பாகச் செய்த செயலால் ஓர் உயிருக்குத் தீங்கு நேர்ந்தால், அந்த அன்பு நம்மைக் காப்பாற்றுமா?

முதலில் வளர்ப்பது கூடுமா என்பதைச் சுருக்கமாகச் சொல்லி விடுவோம். கூடும். ஹஜ்ரத் அனஸ் (ரலி) அவர்களின் தாய்வழித் தம்பியான அபூ உமைர் என்ற சிறுவர் ஒரு சின்னஞ்சிறு பறவையை வைத்து விளையாடி வந்தார். நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அதைத் தடுக்கவில்லை. அந்தப் பறவை இறந்து சிறுவர் வாடியிருந்தபோது, அது என்னவாயிற்று என்று அவரிடமே செல்லமாக விசாரித்தார்கள். ஹிஜ்ரி 335-இல் வபாத்தான ஷாஃபிஈ மத்ஹபு அறிஞர் அபுல் அப்பாஸ் இப்னுல் காஸ் (ரஹ்) அவர்கள் இந்த ஒரு ஹதீஸிலிருந்து 60 பயன்களை எடுத்துத் தனிச் சிறு நூலாகவே எழுதினார்கள். வேதனை கொடுக்காத வரையில் பிள்ளைகள் பறவை வைத்திருப்பது ஆகும் என்பது இந்த ஹதீஸிலிருந்து உலமாக்கள் எடுத்த சட்டம். பறவைக்குச் சொன்னது மீனுக்கும் பொருந்தும்.

ஆனால் “வேதனை கொடுக்காத வரையில்” என்ற நிபந்தனையை நாம் காதில் வாங்குவதில்லை. “கூடும்” என்ற சொல் கிடைத்ததும் எழுந்து போய் விடுகிறோம்.

பூனையைக் கட்டிப் போட்ட பெண்ணின் ஹதீஸ் நம் பிள்ளைகளுக்குக் கூடத் தெரியும். புகாரியிலும் முஸ்லிமிலும் வந்திருக்கிறது. அப்பெண் நரகம் புகுந்ததற்குச் சொல்லப்பட்ட காரணத்தை ஊன்றிப் பாருங்கள். அவள் உணவளிக்கவில்லை என்பது ஒன்று. பூமியிலுள்ள பூச்சி புழுக்களைத் தானே தேடித் தின்னும்படி அவிழ்த்து விடவும் இல்லை என்பது மற்றொன்று. தெருவில் திரியும் பூனைக்கு நாம் உணவு தராவிட்டால் அதற்கு வேறு வழி இருக்கிறது. கட்டிப் போட்ட பூனைக்குக் கட்டியவளைத் தவிர வேறு வழியில்லை. ஆக, ஓர் உயிரின் வழியை நாம் அடைக்கும்போது, அந்த வழியில் அதற்குக் கிடைத்திருக்கக் கூடிய அனைத்தும் நம் பொறுப்பாகி விடுகின்றன. இதுவே இந்த ஹதீஸிலிருந்து நாம் விளங்க வேண்டிய அடிப்படை.

இந்த அடிப்படையை வைத்துக்கொண்டு மீனைப் பாருங்கள். பூனையை அடைத்தால் அதற்கு இல்லாமல் போவது உணவு. மீனை அடைத்தால் அதற்கு இல்லாமல் போவது உணவு மட்டுமன்று, நல்ல தண்ணீரும் கூட. ஏரியிலும் ஆற்றிலும் மீனின் கழிவு பெருந்தண்ணீரில் கரைந்து மறைந்து போகும். தண்ணீர் கெட்டால் அது வேறிடம் தேடிப் போகும். தொட்டியில் அதற்குப் போக்கிடமில்லை. தன் கழிவிலேயே அது மூச்சு விட வேண்டியிருக்கிறது. மீனின் செவுள் வழியாக ஓயாமல் அமோனியா வெளிப்படுகிறது. மிஞ்சிய தீனி அழுகினாலும் அதே அமோனியாதான். அதற்கு நிறமில்லை. தண்ணீர் பளிங்கு போல் தெரியும்போதே உள்ளிருக்கும் மீனின் செவுள் வெந்து கொண்டிருக்கக் கூடும். மீன் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடினால், “பாருங்கள், பசிக்கிறது” என்று நம் வீட்டில் இன்னும் ஒரு பிடி தீனி போடுகிறார்கள். பல நேரங்களில் அது மூச்சுத் திணறலின் அறிகுறி. அந்த ஒரு பிடியும் அழுகி நஞ்சைக் கூட்டும்.

தங்க மீனுக்கு இரைப்பை கிடையாது என்பது பலருக்கும் வியப்பாக இருக்கும். தின்றது தங்கி நிற்க இடமின்றி நேரே குடலுக்குப் போகிறது. ஆகையால் எப்போது போட்டாலும் தின்ன வரும். ஒரு நாளைக்கு ஒரு முறை அல்லது இரு முறை, ஓரிரு நிமிடங்களில் தின்று முடிக்கும் அளவே அதற்குப் போதும். பிள்ளைகள் காலையில் ஒரு முறை, பள்ளிக்கூடம் விட்டு வந்து ஒரு முறை, விருந்தாளி வந்தால் ஒரு முறை, பாட்டியார் தம் பங்குக்கு ஒரு முறை என்று போடுவது யாருடைய மகிழ்ச்சிக்காக? மீன் ஓடி வருவதைப் பார்க்கும் நம் மகிழ்ச்சிக்காக. இதற்கு அன்பு என்று பெயர் சூட்டிக் கொள்கிறோம்.

இப்போது அந்தச் சகோதரரின் கேள்விக்கு வருவோம். “செயல்கள் எண்ணத்தைப் பொறுத்தவை அல்லவா?” என்று கேட்கலாம். உண்மைதான். ஆயினும் நல்ல நிய்யத்து ஆகுமான செயலை நன்மையாக்குமே தவிர, தீங்கைத் தீங்கல்லாததாக ஆக்கி விடாது. மருத்துவம் அறியாதவர் மருத்துவம் பார்த்து நோயாளிக்குக் கேடு வந்தால் அவரே பொறுப்பாளி என்பது அபூதாவூத் முதலிய நூல்களில் வந்துள்ள ஹதீஸின் கருத்து. அவரும் நன்மை செய்யத்தான் நினைத்திருப்பார். ஆயினும் அறியாமல் கை வைத்தார் என்பதற்காகவே பொறுப்பாளியாகிறார். உயிரைக் கையில் எடுப்பவர் அதற்கு வேண்டிய அறிவையும் எடுத்தாக வேண்டும்.

எனவே என் கருத்து இது. முதல் மீன் செத்தது அறியாமையால் என்றால், தவறுதலையும் மறதியையும் மன்னிக்கும் ரப்பு நம்முடையவன். இதற்குக் கஃப்பாரா ஏதுமில்லை. பாவமன்னிப்புத் தேடினால் போதும். ஆனால் ஏன் செத்தது என்று விசாரிக்காமலேயே இரண்டாவது மீனை வாங்கினாரே, அங்கே அறியாமை முடிந்து அலட்சியம் தொடங்குகிறது. மூன்றாவதற்குச் சாக்கே இல்லை. விலை அற்பம் என்பதால் உயிரும் அற்பம் என்று மனம் பழகிப் போகிறது. ஒரு மாடு செத்திருந்தால் இந்தச் சகோதரர் மருத்துவரைத் தேடி ஓசூருக்கு ஓடியிருப்பார். மீனுக்காக ஒருவரையும் கேட்கவில்லை. அல்லாஹ் படைத்த உயிர்களெல்லாம் உங்களைப் போன்ற சமுதாயங்களே எனத் திருமறையின் அல் அன்ஆம் அத்தியாயம் உரைக்கும்போது, விலைப் பட்டியல் எதையும் அதனுடன் சேர்க்கவில்லை.

கேட்ட பிள்ளை மீது குற்றமில்லை, அது பருவமடையாதது. வாங்கித் தந்த அத்தாதான் பொறுப்பாளி. வளர்ப்பு உயிர்களுக்குரிய நஃபகா பற்றி நம் இமாம்கள் விரிவாகவே எழுதியிருக்கிறார்கள். உணவளிக்க மறுப்பவரை நீதிபதி கட்டாயப்படுத்துவார். ஒன்று உணவளிக்க வேண்டும், அல்லது விற்றுவிட வேண்டும், உண்ணத் தக்கதாயின் அறுத்து விட வேண்டும் என்பது ஷாஃபிஈ மத்ஹபு. இமாம் அபூயூசுஃப் (ரஹ்) அவர்களும் கட்டாயப்படுத்த வேண்டும் என்கிறார்கள். ஹனஃபி மத்ஹபின் பிரபலமான கூற்றில் நீதிபதியின் கட்டாயம் இல்லை. ஆனால் அடியானுக்கும் அல்லாஹ்வுக்கும் இடையில் அது கடமையே. கோர்ட்டில் தப்பலாம், மறுமையில் தப்ப முடியாது என்று பொருள். சொல்லப் போனால் இது முன்னதை விடக் கடினமானது. கால்நடைக்குத் தீனியும் தண்ணீரும் நஃபகா என்றால், மீனுக்குச் சுத்தமான தண்ணீர் முதல் நஃபகா, தீனி இரண்டாவது.

சிலர் வேறு விதமாக மடக்குவார்கள். “ஹஜ்ரத், மீனை அறுக்காமலே உண்ண மார்க்கம் அனுமதித்திருக்கிறது. வஞ்சிர மீனைப் பொரித்துத் தின்னும் நாம் தொட்டி மீனுக்காக இவ்வளவு பேச வேண்டுமா?” உண்பதற்காக உயிரை எடுக்க அனுமதித்தவனே, அறுக்கும்போது கத்தியைத் தீட்டிக் கொள்ளும்படியும் பிராணிக்கு இலகுவாக்கும்படியும் தன் தூதர் மூலம் ஏவியிருக்கிறான். கொல்ல அனுமதி தந்த இடத்திலேயே வதைக்க அனுமதி இல்லையென்றால், வெறும் அழகுக்காக வைத்திருக்கும் உயிரை வாரக்கணக்கில் திணற விட எங்கே அனுமதி?

மீனுக்கு ஞாபகமே கிடையாது, மூன்று விநாடியில் மறந்து விடும் என்ற பேச்சும் பொய். 1960-களில் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக் கழகத்தில் பெர்னார்டு அக்ரானாஃப் என்ற விஞ்ஞானி, ஞாபகம் எப்படி உண்டாகிறது என்று ஆராய்வதற்குத் தேர்ந்தெடுத்ததே தங்க மீனைத்தான். மறதியே அதன் இயல்பென்றால் அதை வைத்து அந்த ஆராய்ச்சி நடந்திருக்காது. அதன் ஆயுளும் சில வாரங்கள் அல்ல. இங்கிலாந்தில் 1956-இல் ஒரு சந்தையில் பரிசாகக் கிடைத்த தங்க மீன் 1999 வரை, 43 ஆண்டுகள் வாழ்ந்தது. அது அபூர்வம்தான், ஆயினும் ஒழுங்காக வளர்த்தால் பத்து ஆண்டுகளுக்கு மேல் வாழ்வது சாதாரணம். பத்து ஆண்டு அமானிதத்தை ஏற்கிறோம் என்று எண்ணி எத்தனை பேர் கடைக்குப் போகிறார்கள்?

இன்னொரு தீமையையும் இங்கே சொல்லாமல் விடலாகாது. வீட்டில் மீன் இருந்தால் பரக்கத்து வரும், வாஸ்து சரியாகும், மீன் செத்தால் வீட்டுக்கு வர இருந்த முஸீபத்தை அது தாங்கிக் கொண்டது என்று சொல்லி விற்கிறார்கள். நம்மவர்களும் நம்பி வாங்குகிறார்கள். சகுனம் பார்ப்பதை மார்க்கம் அடியோடு மறுத்து விட்டது. அகீதாவுக்குக் கேடு என்பதோடு இதில் ஒரு கொடுமையும் கலந்திருக்கிறது. தம் அலட்சியத்தால் செத்த மீனைத் தம்மைக் காக்கச் செத்ததாகச் சொல்லிக் கொண்டால், யார்தான் தொட்டியைத் திருத்துவார்?

இனி, செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். கண்ணாடி உருண்டையில் மீன் வைக்க வேண்டாம். இத்தாலியின் மோன்சா நகரில் 2004-இல் வளைந்த கிண்ணங்களில் மீன் வைக்கக் கூடாதென்று தடையே போட்டார்கள். உருண்டை வயிறுடைய அழகு ரகத் தங்க மீன் ஒன்றுக்கு 75 லிட்டர் தண்ணீராவது வேண்டும். நீண்ட உடல் கொண்ட ரகம் ஓர் அடி வரை வளரும், அதற்கு இதுவும் போதாது. ஓசூர்ப் பகுதி மேட்டு நிலம், குளிர்ச்சியானது. தங்க மீனும் குளிர் நீர் மீன். வெந்நீர்க் கருவி எதுவும் வாங்கிப் பணத்தை வீணாக்க வேண்டாம். வடிகட்டி மட்டும் கட்டாயம். அதன் பஞ்சில் வளரும் கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள்தாம் அமோனியாவைத் தீங்கு குறைந்த பொருளாக மாற்றுகின்றன. அவை பெருக நான்கு முதல் ஆறு வாரம் பிடிக்கும். அதனால்தான் புதுத் தொட்டி மீன்கள் முதல் சில வாரங்களிலேயே சாகின்றன. ஞாயிற்றுக் கிழமை தோறும் மொத்தத் தண்ணீரையும் கொட்டி, சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவும் சுத்தக்காரர்கள் இந்த நுண்ணுயிர்களை வாரந்தோறும் அழித்து விடுகிறார்கள். கால் பங்குத் தண்ணீரை மட்டும் மாற்றினால் போதும். எடுத்த தண்ணீரை ரோஜாச் செடிக்கு ஊற்றலாம், நன்கு தழைக்கும். பஞ்சை அந்தப் பழைய தண்ணீரிலேயே அலசவும். குழாய்த் தண்ணீரில் குளோரின் கலந்திருக்கும். அதைப் போக்கும் மருந்து மீன் கடைகளில் உண்டு. அகன்ற பாத்திரத்தில் ஒரு நாள் திறந்து வைத்தும் பயன்படுத்தலாம்.

இவ்வளவும் நம்மால் ஆகாது என்று தெரிந்தால் வாங்காமலிருப்பதே பேணுதல். வாங்கிய பின் தெரிந்தால், ஏரியிலோ கெலவரப்பள்ளி அணையிலோ விட்டு நன்மை தேடிக் கொள்ளலாமே என்று எண்ண வேண்டாம். பூனையை அவிழ்த்து விடுவது போன்றதன்று இது. அந்நியத் தண்ணீரில் தங்க மீன் ஒன்று அழியும், அல்லது பெருகிப் பிற மீன்களின் இரையைப் பறிக்கும். அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்தில் பர்ன்ஸ்வில் ஊர் ஏரியில், வளர்த்தவர்கள் விட்ட தங்க மீன்கள் பெரிதாக வளர்ந்து பெருகிப் போக, இனி யாரும் இப்படி விட வேண்டாம் என்று 2021-இல் அந்நகர நிர்வாகம் வேண்டிக் கொண்டது. ஒழுங்காக வளர்க்கத் தெரிந்தவருக்கோ, விற்ற கடைக்கோ கொடுத்து விடுவதே முறை.

பெருநாளுக்குச் சொந்த ஊர் போகும் குடும்பங்கள் இங்கே மிகுதி. போகும்போது ஒரு வாரத் தீனியை மொத்தமாகக் கொட்டி விட்டுப் போகிறார்கள். திரும்பி வந்தால் தண்ணீர் நாறிக் கிடக்கிறது. வளர்ந்த, நோயற்ற தங்க மீன் நாலைந்து நாள் தீனியின்றி இருக்கும். அதனால் அதற்குக் கேடில்லை. அதற்கு மேல் தங்குவதாயிருந்தால் பக்கத்து வீட்டாரிடம், அவர் எந்த மதத்தவராயினும் சரி, பொறுப்பை ஒப்படையுங்கள். தீனி டப்பாவை அப்படியே கையில் கொடுத்து விடாதீர்கள். அவரும் அன்பாகத்தான் போடுவார். ஒரு நாள் விட்டு ஒரு நாளைக்கு ஒரு சிட்டிகை வீதம் காகிதத்தில் பொட்டலமாக மடித்து, ஒவ்வொன்றின் மேலும் கிழமையை எழுதி, வீட்டுச் சாவியோடு கொடுத்து விட்டுப் போங்கள்.