காண்டலுக்கு எட்டாத ஒளி

கீழ்வேளூர்ச் சிவனான கேடிலியப்பரைச் சம்பந்தரும் அப்பரும் பாடினார்கள். அந்தப் பாடல்களை ஓதி வளர்ந்த சைவ மரபே, கண்ணுக்குப் புலப்படாத ஒன்றை உண்டென்று சொல்ல நமக்கு என்ன ஆதாரம் என்றும் கேட்டது. 13ஆம் நூற்றாண்டில் அருணந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியாரில் பதி (இறைவன்), பசு (உயிர்), பாசம் (தளை) ஆகியவற்றுக்குள் நுழையுமுன் காண்டல் (நேரில் அறிதல்), கருதல் (ஊகித்தறிதல்), உரை (நூல்மொழி) என்னும் அளவைகளை, அதாவது அறியும் வழிகளை, ஆராய்கிறார். குவாண்டம் இயற்பியல் சைவ சித்தாந்தத்தை நிரூபித்துவிட்டது என்று மேடையில் முழங்குவோர் இந்த முதல் படியைத் தாண்டிக் குதிப்பது எனக்கு வருத்தம் தருகிறது.

ஒளியின் விந்தையான நிலைகளை அளக்கும் சோதனைகளில் கருதல் எப்படி வேலை செய்கிறது என்று பார்க்க வேண்டும். சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் படித்த இயற்பியலாளர் இ. சி. ஜி. சுதர்சன் 1963இல் ஒன்றைக் காட்டினார்: எந்த ஒளிநிலையையும் லேசர் போன்ற சீரொளி நிலைகளின் கூட்டாக எழுதலாம், ஆனால் சில நிலைகளுக்கு அந்தக் கூட்டின் எடைகளைச் சாதாரண நிகழ்தகவாகக் கொள்ள முடியாது. அத்தகைய ஒளியை அளக்க, வலுவான லேசர் ஒளியோடு அதைப் பாதி ஊடுருவும் கண்ணாடியில் கலந்து, இரு உணரிகளின் வேறுபாட்டைக் குறிக்கிறார்கள். ஒருமுறை அளந்தால் ஓர் எண் மட்டும் கிடைக்கும், அந்த ஒளியும் அழிந்துபோகும். ஆகவே அதே நிலையை ஆயிரக்கணக்கான முறை புதிதாக ஆக்கி, லேசரின் அலைக்கட்டத்தை மாற்றிப் பல பக்கங்களிலிருந்து அளந்து, அந்த நிலையின் முழு வரைபடத்தை, அதாவது விக்னர் வரைபடத்தை, கணக்கிட்டு மீட்கிறார்கள். 2001இல் ஜெர்மனியின் கான்ஸ்டன்ஸ் பல்கலைக்கழகத்தில் ஒற்றை ஒளித்துகளுக்கு இப்படி மீட்ட விக்னர் வரைபடம் நடுவில் சுழிக்குக் கீழே இறங்கியது.

எந்த உணரியும் காட்டாத எதிர்மறை வெறும் கணக்குதானே என்று கேட்கலாம். அப்படியல்ல. இப்படி வெவ்வேறு பக்கங்களிலிருந்து அளக்கப்படும் தன் இரு அடிப்படைப் பண்புகளுக்கும் ஒளி முன்னமே உறுதியான மதிப்புகளை வைத்திருந்து, ஏனைய பக்கங்களின் அளவுகள் அவற்றின் கூட்டாகவே வந்திருந்தால், வரைபடம் எங்கும் சுழிக்குக் கீழே போயிருக்காது. நம் அறியாமை அந்தப் பள்ளத்தை உண்டாக்காது. காண்டலுக்கு எட்டாததைக் கருதல் எட்டியிருக்கிறது.

அப்படியானால் இறைவனையும் இப்படியே கருதி அறியலாமே என்று பக்தர் கேட்பது நியாயம். ஆனால் புகையைக் கண்டு நெருப்பைக் கருதுபவர் இரண்டையும் சேர்த்து முன்பே கண்டவர். ஆய்வகக் கருதலும், அளக்காத பக்கத்தில் என்ன வரும் என்று முன்கூட்டிச் சொல்லித் தேர்வுக்கு நிற்கிறது. உலகமோ ஒன்றே, அதை மறுபடி ஆக்கிப் பார்க்க நமக்கு வழியில்லை. காண்பவர் மனமே உலகை ஆக்குகிறது என்ற பேச்சும் சித்தாந்தத்துக்குப் பொருந்தாது. யாரும் பார்க்காதபோதும் கருவி எண்ணைப் பதிக்கிறது. சித்தாந்தமும் உலகைப் பொய்த்தோற்றம் என்று சொல்லவில்லை, உலகு அடங்கும் பாசத்தையும் என்றுமுள்ள மெய்ப்பொருள் என்கிறது. கருதல் தனித்து நிற்க முடியாத இடத்தை அருணந்தியார் அறிந்திருந்தார். அதனால்தான் உரையை மூன்றாவது அளவையாக வைத்தார். அந்த இடத்தை ஆய்வகத்தைக் கொண்டு நிரப்பினால் உரைக்கும் மரியாதை இல்லை, ஆய்வகத்துக்கும் இல்லை.