கையெழுத்தின் பொறுப்பு



குழந்தைக்குக் காய்ச்சல் என்று வைத்தியரிடம் தூக்கிக்கொண்டு ஓடுகிறோம். அவர் ஒரு சீட்டில் ஏதோ எழுதிக் கீழே கையெழுத்திடுகிறார். அதில் எழுதியிருப்பதை நம்மில் பலருக்குப் படிக்கவும் தெரியாது. ஆயினும் மருந்துக் கடைக்காரர் கொடுப்பதை வாங்கிக் குழந்தையின் வாயில் ஊற்றுகிறோம். பஸ் ஆற்றுப் பாலத்தின்மேல் போகும்போது, பாலத்தைத் தட்டிப் பார்த்துவிட்டா ஏறினோம்? யாரோ ஒருவர், அந்தத் தொழிலைக் கற்றுத் தேர்ந்தவர், எல்லாவற்றையும் பார்த்துச் சரி என்று கையெழுத்துப் போட்டிருக்கிறார் என்ற நம்பிக்கையில்தான் நம் வாழ்நாள் முழுவதும் நடக்கிறது.

இப்போது ஒரு கேள்வி. அந்த மனிதர் பாராமலே கையெழுத்துப் போட்டிருந்தால் என்ன? அவர் யாருக்கும் தீங்கு நினைக்கவில்லை. லஞ்சம் வாங்கவில்லை. வேலை மிகுதியால், கீழே இருப்பவர்கள் பார்த்திருப்பார்கள் என்று எண்ணிப் போட்டுவிட்டார். அதனால் உயிர் போனால் அவர்மேல் குற்றம் உண்டா? இல்லை, "பாவம், அவர் என்ன செய்வார்!" என்று விட்டுவிடலாமா? இந்தக் கேள்வியை நன்கு விளங்கிக்கொள்ள, அமெரிக்காவில் நடந்த ஒரு சம்பவத்தைச் சொல்கிறேன். சற்றுப் பொறுமையோடு கேளுங்கள்.

மிஸ்ஸூரி மாநிலத்திலே கான்ஸாஸ் சிட்டி என்றொரு நகரம். அங்கே 1980-ஆம் ஆண்டில் ஹயட் ரீஜென்ஸி என்ற பெரிய ஹோட்டல் திறக்கப்பட்டது. அதன் முன்கூடம் பல மாடி உயரம். அந்தக் கூடத்தின் குறுக்கே, ஒரு பக்கத்து மாடியிலிருந்து மறுபக்கத்து மாடிக்குப் போவதற்கு நடைபாலங்கள் அமைத்திருந்தார்கள். தரையிலிருந்து தூண் எழுப்பாமல், கூரையிலிருந்து இரும்புத் தண்டுகளில் அவற்றைத் தொங்கவிட்டிருந்தார்கள். நான்காம் மாடிப் பாலத்துக்கு நேர் கீழே இரண்டாம் மாடிப் பாலம் இருந்தது.

1981 ஜூலை 17, வெள்ளிக்கிழமை மாலை. கூடத்திலே நடன விழா. ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் கூடியிருந்தார்கள். பாலங்களிலும் மக்கள் நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்கள். திடீரென்று நான்காம் மாடிப் பாலம் அறுந்து இரண்டாம் மாடிப் பாலத்தின்மேல் விழ, இரண்டும் சேர்ந்து கீழே நின்றவர்கள் தலைமேல் விழுந்தன. இறந்தவர்கள் 114 பேர். காயமுற்றவர்கள் இருநூறுக்கு மேல். வாத்தியம் கேட்கப் போனவர்களை வண்டியில் ஏற்றிக் கொண்டுவந்தார்கள்.

காரணம் என்ன? பூகம்பமா, புயலா? ஒன்றும் இல்லை. ஒரு தண்டு இரண்டு தண்டாக மாறியதுதான் காரணம்.

நம் வீட்டு உறியை நினைத்துக்கொள்ளுங்கள். விட்டத்திலிருந்து நீளமாக ஒரே கயிறு தொங்குகிறது. நடுவில் ஒரு முடிச்சுப் போட்டு அதில் ஒரு பானை. கீழே இன்னொரு முடிச்சுப் போட்டு அதில் இன்னொரு பானை. மேல்முடிச்சு மேல்பானையை மட்டும் தாங்குகிறது. கீழ்முடிச்சு கீழ்ப்பானையை மட்டும் தாங்குகிறது. இப்போது கயிற்றை நடுவில் வெட்டிவிட்டு, கீழ்ப்பானையை மேல்பானையின் கழுத்திலே கட்டித் தொங்கவிட்டால் என்ன ஆகும்? கயிறு அதே கயிறு, பானைகளும் அவையேதான். ஆனால் மேல்முடிச்சின்மேல் இப்போது இரண்டு பானைகளின் பாரம்! அந்த ஹோட்டலில் நடந்ததும் இதுவே. முதல் வரைபடத்தில் ஒரே நீண்ட தண்டு கூரையிலிருந்து இறங்கி இரண்டு பாலங்களையும் தாங்கியது. அவ்வளவு நீளத் தண்டுக்கு மரை வெட்டுவது தொல்லை என்று, இரும்பு வேலைக்காரர்கள் இரண்டு குட்டைத் தண்டுகளாக மாற்றினார்கள். மேல்பாலத்து உத்திரத்தின் அடியில் இருந்த நட்டுகள் இரட்டைப் பாரம் சுமந்தன. ஒருநாள் அவை உத்திரத்தைப் பிளந்துகொண்டு வெளியே வந்துவிட்டன.

அமெரிக்க அரசாங்கத்தின் ஆராய்ச்சி நிலையத்தார் பிறகு சோதித்தபோது இன்னொரு செய்தியும் வெளிப்பட்டது. முதல் வரைபடத்தின்படியே கட்டியிருந்தாலும், நகரச் சட்டம் கேட்ட பலத்தில் ஏறக்குறைய 60 விழுக்காடுதான் அந்த இணைப்புக்கு இருந்திருக்கும். அதாவது, அந்த இணைப்பை யாருமே கணக்குப் போட்டுப் பார்க்கவில்லை.

ஏன் பார்க்கவில்லை? இங்கேதான் நீங்கள் கவனிக்கவேண்டும். இணைப்பைக் கணக்கிடுவது இரும்பு வேலை செய்பவரின் பொறுப்பு, அதுவே வழக்கம் என்று இஞ்சினீயர்கள் எண்ணினார்கள். வரைந்து கொடுத்தவர்கள் கணக்கிட்டிருப்பார்கள் என்று இரும்பு வேலைக்காரர்கள் எண்ணினார்கள். மாற்றத்துக்கு டெலிபோனில் சம்மதம் வாங்கினோம் என்று இவர்கள் சொன்னார்கள். அப்படி ஒரு பேச்சே நடக்கவில்லை என்று அவர்கள் சொன்னார்கள். புதிய வரைபடமோ இஞ்சினீயர் அலுவலகத்துக்குப் போய், பார்வையிட்டதற்கான முத்திரையோடு திரும்பி வந்திருந்தது. ஆளுக்கு ஆள் நம்பினார்கள், ஒருவரும் பார்க்கவில்லை.

இதைவிட வருத்தமான சங்கதி ஒன்று உண்டு. ஹோட்டலைக் கட்டிக்கொண்டிருந்தபோதே, 1979 அக்டோபரில், அந்தக் கூடத்தின் கூரையில் ஒரு பகுதி இடிந்து விழுந்தது. உயிர்ச்சேதம் இல்லை. அப்போது உரிமையாளர் தரப்பினர் கவலைப்பட்டு விசாரித்தார்கள். இரும்பு இணைப்புகளைச் சரிபார்த்துவிட்டோம் என்று இஞ்சினீயர்கள் தைரியம் சொன்னார்கள். பாலத்துத் தண்டுகளையோ யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. ஒரு முறை எச்சரிக்கை கிடைத்தது, அதுவும் வீணாயிற்று.

வழக்கு எப்படி முடிந்தது? குற்றவியல் வழக்கு தொடர ஆதாரம் போதாது என்று அரசாங்க வக்கீல்கள் விட்டுவிட்டார்கள். யாரும் சிறைக்குப் போகவில்லை. ஆனால் மிஸ்ஸூரியில் இஞ்சினீயர்களுக்கு லைசென்ஸ் வழங்கும் வாரியம் சும்மா இருக்கவில்லை. நீண்ட விசாரணைக்குப் பின் 1985-இல், இது மிகப் பெரிய கவனக்குறைவு என்று தீர்ப்பு வந்தது. பொறுப்பான இரண்டு இஞ்சினீயர்களின் லைசென்ஸும் அம்மாநிலத்தில் பறிக்கப்பட்டது. அவர்கள் மேல்முறையீடு செய்தார்கள். 1988-இல் மேல் நீதிமன்றமும் அத்தீர்ப்பையே உறுதிசெய்தது. அதன் சாரம் இது: வேலையைப் பிறரிடம் கொடுக்கலாம்; முத்திரையின் பொறுப்பைப் பிறரிடம் கொடுக்க முடியாது.

"இது அநியாயம் அல்லவா?" என்று நீங்கள் கேட்கலாம். ஒரு பெரிய கட்டிடத்துக்கு நூற்றுக்கணக்கான வரைபடங்கள். ஒரே மனிதர் எல்லாவற்றையும் தாமே கணக்கிட முடியுமா? கீழே உள்ளவர்களை நம்பாமல் உலகில் எந்தக் காரியம் நடக்கும்?

நியாயமான கேள்விதான். நம்பத்தான் வேண்டும். ஆனால் நம்புவது வேறு, பார்க்கும் கடமையைக் கைவிடுவது வேறு. மகளுக்கு வரன் பார்க்கும் தகப்பன், தரகர் சொல்லை நம்புகிறான். நம்பினாலும் நாலு பேரிடம் விசாரிக்காமல் இருப்பதில்லை. காரணம், நஷ்டம் வந்தால் தரகருக்கு அல்ல, மகளுக்கு. அதுபோல, எந்த இடம் முறிந்தால் மனித உயிர் போகுமோ அந்த இடத்தையாவது நேரில் பார்க்கவேண்டியது கையெழுத்திடுபவரின் கடமை. எல்லா ஆணியையும் எண்ணச் சொல்லவில்லை. எல்லாரையும் தாங்கி நிற்கும் அந்த ஓர் ஆணியைப் பார்க்கச் சொல்கிறோம். அதற்கும் நேரம் இல்லை என்றால், கையெழுத்துப் போடாமல் இருக்க அவருக்கு உரிமை உண்டே! தீமை செய்வது மட்டும் குற்றமல்ல, செய்யவேண்டியதைச் செய்யாமல் விடுவதும் குற்றமே என்று நம் பிள்ளைகளுக்குச் சிறுவயதிலேயே சொல்லிக்கொடுக்கிறோம். அந்தப் பாடம் பெரிய படிப்புப் படித்தவர்களுக்கும் பொருந்தும்.

சில தொழில்களை மட்டும் சட்டம் போட்டு ஏன் கட்டுப்படுத்துகிறார்கள் என்பதும் இதிலிருந்து விளங்கும். கத்தரிக்காய் சொத்தை என்றால் நாமே கண்டுகொள்வோம். அடுத்த முறை வேறு கடைக்குப் போவோம். வைத்தியர், வக்கீல், இஞ்சினீயர் இவர்களுடைய வேலையை நம்மால் சோதிக்க முடியாது. சொத்தை என்று தெரியும்போது காலம் கடந்திருக்கும். ஆகவேதான் நமக்குப் பதிலாகச் சோதிக்க ஒரு சபை, ஒரு பதிவேடு, ஒரு லைசென்ஸ். அமெரிக்காவில் இஞ்சினீயர்களைப் பதிவு செய்யும் சட்டம் முதன்முதலில் 1907-இல் வயோமிங் மாநிலத்தில் பிறந்தது. டெக்ஸஸ் மாநிலத்தில் 1937 மார்ச் மாதம் ஒரு பள்ளிக்கூடத்தில் எரிவாயு கசிந்து வெடித்து ஏறக்குறைய முந்நூறு பேர், பெரும்பாலும் குழந்தைகள், மாண்டார்கள். அவ்வாண்டிலேயே அங்கேயும் சட்டம் வந்தது. சட்டம் பெரும்பாலும் புதைகுழியின் ஓரத்தில் நின்றுகொண்டுதான் எழுதப்படுகிறது. அது தண்டிக்கும், அடுத்தவரை எச்சரிக்கும். ஆனால் இரவில் அலுவலகத்தில் தனியே உட்கார்ந்து பேனாவை எடுக்கும் மனிதரின் கையைப் பிடிக்க மனச்சாட்சி ஒன்றால்தான் முடியும்.

சரி, கையெழுத்துப் போட்டபின் தவறு தெரிந்தால்? அதற்கும் ஓர் உதாரணம் உண்டு. நியூயார்க்கில் 59 மாடிகள் கொண்ட சிட்டிகார்ப் கட்டிடம் 1977-இல் முடிந்தது. அதன் பலத்துக்குப் பொறுப்பானவர் வில்லியம் லெமெஷூரியர் என்ற புகழ்பெற்ற இஞ்சினீயர். மறு ஆண்டில், ஒரு மாணவரின் கேள்வி தூண்ட, தம் கணக்கைத் தாமே மீண்டும் எடுத்துப் பார்த்தார். பற்றவைத்து இணைக்கவேண்டிய இடங்களை போல்ட்டுப் போட்டு இணைத்திருந்தார்கள். அந்த மாற்றத்துக்கு அவருடைய அலுவலகமே சம்மதம் கொடுத்திருந்தது. அவருக்கோ அது தெரியாது. மூலைவாட்டத்தில் வீசும் பெரும் புயல் வந்தால் கட்டிடம் சாயலாம் என்று அவர் கணக்குச் சொல்லிற்று. வாய் திறந்தால் பெயர் போகும், சொத்துப் போகும். மூடினால் யாருக்கும் தெரியாது. அவர் வாய் திறந்தார். உரிமையாளரிடம் நேரில் போய்ச் சொன்னார். 1978-இல் இரவு இரவாக இரும்புத் தகடுகளைப் பற்றவைத்துக் கட்டிடத்தைப் பலப்படுத்தினார்கள்.

இதிலும் ஒரு குறை உண்டு. அக்கம்பக்கத்தில் குடியிருந்தவர்களுக்கு ஆபத்தை அப்போது வெளிப்படையாகச் சொல்லவில்லை. 1995-இல்தான் உலகம் முழு விவரத்தையும் அறிந்தது. அது சரியன்று என்று பலர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆயினும் தாம் கையெழுத்திட்ட தாளைத் தாமே மறுபடி திறந்து பார்த்தாரே, அந்தத் தைரியம் பெரிது.

இனி நம் வீட்டுக்கு வருவோம். நம் நாட்டிலும் கணக்காயருக்கு 1949-இலும், வழக்கறிஞருக்கு 1961-இலும், கட்டிடக் கலைஞருக்கு 1972-இலும் சட்டங்கள் வந்தன. வைத்தியருக்கு 2019-ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. இஞ்சினீயருக்கு மட்டும் நாடு முழுவதற்குமான அத்தகைய சட்டம் அரை நூற்றாண்டு கடந்தும் வரவில்லை. வீட்டுக்கு ஒரு பிள்ளை இஞ்சினீயராக வேண்டும் என்று ஆசைப்படும் நம்மவர் இதை எண்ணிப் பார்க்கவேண்டும். வேலி தாழ்வாக இருக்கும் இடத்தில் மனச்சாட்சி உயரமாக இருக்கவேண்டும்.

இன்னொன்றும் சொல்லவேண்டும், கோபித்துக்கொள்ளாதீர்கள். பாராமல் போடும் கையெழுத்தைக் கேட்டு வாங்குபவர்கள் யார்? நாம்தான்! லீவுக்காக, இல்லாத காய்ச்சலுக்கு டாக்டரிடம் சர்ட்டிபிகேட் கேட்கிறோம். அஸ்திவாரம் இரண்டு மாடிக்குப் போட்டுவிட்டு, மூன்றாவது மாடிக்கு, "நம்ம பையன்தானே, ஒரு கையெழுத்துப் போட்டுக் கொடுப்பா" என்று சொந்தக்கார இஞ்சினீயரின் வீட்டுத் திண்ணையில் போய் உட்காருகிறோம். அவன் தயங்கினால், "படித்ததும் தலைக்கனம் வந்துவிட்டது" என்று ஊர் முழுக்கச் சொல்கிறோம். இப்படி நாமே பழக்கிய கைதான் நாளைக்கு நம் குழந்தைகள் படிக்கும் பள்ளிக்கூடத்துக்கும் கையெழுத்துப் போடும். பிறகு கட்டிடம் இடிந்தால் யாரை நோவது?

ஆகவே பெற்றோர்களே, உங்கள் மகனோ மகளோ டாக்டராகவோ, இஞ்சினீயராகவோ, ஆடிட்டராகவோ ஆகும் நாளில் நல்ல பேனா ஒன்று வாங்கிக் கொடுங்கள். கூடவே ஒரு வார்த்தையும் சொல்லுங்கள்: "பார்த்ததற்குப் போடு, பாராததற்குப் போடாதே. அதனால் வேலை போனால் வீட்டுக்கு வா, கஞ்சி இருக்கிறது." பிள்ளைக்கு அந்தத் தைரியத்தைக் கொடுக்க எந்த வாரியத்தாலும் முடியாது. அது பெற்ற வீட்டிலிருந்துதான் வரவேண்டும்.