பஸ் ஓடலியா இன்னைக்கு?

யாழ்ப்பாணத்தில் சைக்கிள் இல்லாத வீட்டைத் தேட வேண்டும். எங்கள் மலையகத்தில் சைக்கிள் இருக்கிற லயத்தைத் தேட வேண்டும். லிந்துலையில் நான் வளர்ந்த தோட்டத்தில் பத்து வயதுப் பிள்ளைகள் ஒரு நாளைக்கு எத்தனை தடவை மலை ஏறி இறங்குவோம் என்று யாரும் எண்ணியதில்லை. பெடல் மிதிக்கத்தான் ஒருவருக்கும் தெரியாது. நான் கொழும்பில் வேலை கிடைத்த பிறகே சைக்கிள் பழகினேன். காலிமுகத்திடல் பக்கம் சமதரையில் ஓட்டுவது கொஞ்ச நாளில் சலித்துவிட்டது. லீவு கிடைத்தால் சைக்கிளை ரயிலிலோ லொறியிலோ போட்டு மலைக்குக் கொண்டுவர ஆரம்பித்தேன்.

எனக்குப் பிடித்தது கம்பளையிலிருந்து புசல்லாவை, றம்பொடை, லபுக்கலை வழியாக நுவரெலியா போகும் பாதை. கம்பளை ஐந்நூறு மீட்டருக்கும் கீழே, நுவரெலியா 1,868 மீட்டரில். இடையில் ஐம்பது சொச்சம் கிலோமீட்டர், பெரும்பாலும் ஏற்றம். புசல்லாவை வரை சமாளித்துவிடலாம். றம்பொடை அருவியைத் தாண்டியதும் வளைவுகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டு நிற்கும். மேலே பார்த்தால் இனிப் போக வேண்டிய ரோடு தலைக்கு நேர் மேலே, தேயிலைக்கு நடுவில் ஒரு கோடு. லபுக்கலைக்கு மேலே தேயிலை முடிந்து காடு வரும். குளிர் சட்டென்று மாறும். பாசி பிடித்த மரங்களுக்கு நடுவில் பாதை உச்சியைத் தொட்டுவிட்டு நகரத்துக்கு இறங்கும்.

மலை முழுக்க ஒரு காலத்தில் இந்தக் காடுதான். 1840இல் முடிக்குரிய காணிச் சட்டம் வந்தது. ஏக்கர் ஐந்து சிலிங் விலைக்குக் காடு விற்கப்பட்டது. வெட்டியது, கோப்பி நட்டது, கோப்பி இலைநோயில் அழிந்ததும் அதைப் பிடுங்கித் தேயிலை நட்டது பெரும்பாலும் தமிழ்நாட்டிலிருந்து நடந்து வந்த கைகள். கம்பளைக்குப் பக்கத்தில் சிங்ஹபிட்டியில் 1820களில் ஜார்ஜ் பேர்ட் போட்ட கோப்பித் தோட்டத்தைத்தான் எங்கள் இருநூறு வருஷக் கதையின் தொடக்கமாகச் சொல்கிறார்கள். ஆகவே கம்பளையில் சைக்கிளில் ஏறி உட்காரும்போது என் சனத்தின் முதல் படியிலிருந்து ஏறுகிறேன் என்று பெருமையாகச் சொல்லிக்கொள்ளலாம். மூச்சு வாங்கும்போது இந்தப் பெருமை எதற்கும் உதவாது என்பது வேறு விஷயம்.

ஏற ஏற எனக்குள் ஊன்றிய விஷயம் சரிவைப் பற்றியது. நாவலப்பிட்டியிலிருந்து ஹட்டனுக்கும் நானுஓயாவுக்கும் 1880களில் ரயில் பாதை போட்ட பொறியியலாளர்கள், 44 அடிக்கு ஒரு அடிக்கு மேல் ஏற்றம் வரக்கூடாது என்று கணக்குப் போட்டார்கள். எஞ்சின் இழுக்க வேண்டுமே. ரோட்டுக்கு அந்தக் கணக்கு மாட்டைப் பார்த்துப் போடப்பட்டது. கோப்பி மூட்டை ஏற்றிய வண்டியை மாடு இழுக்க வேண்டும் என்பதால்தான் கார்ட் ரோடு மலையைச் சுற்றிச் சுற்றிப் போகிறது. என் சைக்கிளுக்கும் அந்த மாட்டின் புண்ணியத்தில் ஒரு தாங்கக்கூடிய சரிவு கிடைத்திருக்கிறது. வேலைக்குப் பேர் பதிகிற பெரட்டுக்குப் போகிற பெண்ணுக்கு யாரும் சரிவு பார்க்கவில்லை. லயத்திலிருந்து மலைக்கும், மலையிலிருந்து ஸ்டோருக்கும் அவள் போகிறது குறுக்கு. மண்ணை வெட்டி, கல்லைப் பதித்து, மழைக்கு வழுக்கும் படிகளாக நேரே மேலே ஏறுகிற பாதை. பிள்ளைக்காம்பராவில் பிள்ளையை விட்டுவிட்டு அதே படியில் திரும்பி ஓடி வர வேண்டும்.

குறுக்கின் வேகத்தைப் பார்க்க வேண்டுமானால் றம்பொடை வளைவுகளில் பூ விற்ற பையன்களைப் பார்த்திருக்க வேண்டும். பஸ் மேலே இருந்து இறங்கும்போது முதல் வளைவில் ஒரு பையன் பூங்கொத்தை நீட்டுவான். யாரும் வாங்க மாட்டார்கள். அடுத்த வளைவில் பஸ் திரும்பும்போது அதே பையன், அதே பூ, கொஞ்சம் அதிகமாக இரைக்கும் மூச்சு. அதற்கடுத்த வளைவிலும் அவனே. நாலாவதில் வெள்ளைக்காரர் சிரித்துக்கொண்டே காசை எடுப்பார். சிரிப்பு ஓட்டத்துக்கு, காசும் ஓட்டத்துக்குத்தான், பூவுக்கு இல்லை. ஏறிப் போகிற சைக்கிள்காரனிடம் அவர்கள் பூவை நீட்டியதே கிடையாது. நாங்களும் அவர்களைப் போல மூச்சு வாங்குகிற சாதி என்று விட்டுவிட்டார்களோ என்னவோ.

ஒரு நாள் லபுக்கலைக்குக் கீழே ஒரு வளைவில், கொழுந்து நிறுக்கிற நேரம். பெண்கள் ரோட்டோரம் சாக்குகளை இறக்கி வைத்திருந்தார்கள். இடுப்பில் படங்கு, அதில் பாதி நனைந்திருந்தது. நான் ஓரமாக நின்று தண்ணீர் குடித்தேன். வயதான ஒரு அம்மா என்னை மேலும் கீழும் பார்த்தார்.

“ஏன் தம்பி, பஸ் ஓடலியா இன்னைக்கு?”

“ஓடுது பெரியம்மா. எனக்கு இன்னைக்கு லீவு.”

“லீவுன்னா படுத்துத் தூங்கலாமே.”

பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். நுவரெலியா வரை அந்தக் கேள்வியை இழுத்துக்கொண்டுதான் போனேன். உடம்புக்கு நல்லது என்று சொல்லலாம். அவர் உடம்பு என்னைவிட ஏறியிருக்கிறது, அது அவருக்கு நல்லதாகவா இருக்கிறது? இயற்கை, அமைதி என்று சொல்லலாம். அவர் அதே மலையில் நாள் முழுக்க நிற்கிறவர். கஷ்டத்தில்தான் மனுஷன் தன்னை அறிகிறான் என்று புத்தகத்தில் வருகிற மாதிரி ஒன்றைச் சொல்லலாம். அதை அவர் முகத்துக்கு நேரே சொல்ல எனக்கு வாய் வராது.

நானாக விரும்பி ஏறுகிறேன், அவர் விதியே என்று ஏறுகிறார், அதுதான் வித்தியாசம் என்று முதலில் நினைத்தேன். அது பாதி சரி. ஏறத் தொடங்குவதை நான் விரும்பியிருக்கலாம். மூன்றாவது வளைவில் தொடை எரியும்போது விருப்பம் எங்கே இருக்கிறது? அந்த இடத்தில் எங்கள் இரண்டு பேரின் உடம்புக்கும் வலி ஒன்றுதான். என்னிடம் இருப்பதும் அவரிடம் இல்லாததும், நிற்கிற உரிமை. எந்த வளைவிலும் நான் இறங்கிவிடலாம், தள்ளிக்கொண்டு போகலாம், பின்னால் வருகிற பஸ்ஸுக்குக் கை காட்டலாம். யாரும் என் சம்பளத்தில் கை வைக்க மாட்டார்கள். அவருக்கு 18 கிலோ, 20 கிலோ என்று தோட்டம் வைத்த அளவு இருக்கிறது. அதைத் தொட்டால்தான் முழுப் பேர், முழுச் சம்பளம். குறைந்தால் அரைப் பேர். நாட்சம்பளம் ஆயிரம் ரூபா ஆவதற்கு எத்தனையோ வருஷப் போராட்டம், 2021இல்தான் அது வந்தது. 2024இல் 1,350 ஆனது. அந்தத் தொகைக்குள் அவர் மூச்சு வாங்க நிற்பதற்கென்று ஒரு சதமும் வைக்கப்படவில்லை.

இந்த வித்தியாசத்துக்கு சைக்கிள் உலகத்துக்குள்ளேயே சாட்சி உண்டு. 1910இல் பிரான்ஸ் சுற்றுப் போட்டி முதல் முறையாகப் பிரனீஸ் மலையின் தூர்மாலே கணவாய்க்குப் போனது, 2,115 மீட்டர். அந்த வருஷம் வென்ற ஒக்தாவ் லாப்பிஸே ஏற்றங்களில் பல இடங்களில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனவர். வழியில் நின்ற போட்டி அதிகாரிகளைக் கொலைகாரர்கள் என்று திட்டியிருக்கிறார். போட்டியை நடத்திய ஆன்ரி தெக்ராஞ்சுக்கு கியர் வைத்த சைக்கிளே பிடிக்காது, அது வயசாளிகளுக்கு என்பார். 1937 வரை போட்டியில் அதற்கு அனுமதி இல்லை. 1924இல், முந்தைய வருஷம் வென்ற ஆன்ரி பெலிசியே, எத்தனை பனியன் போட்டிருக்கிறாய் என்று அதிகாரி சோதனை போட்டதும் கோபித்துக்கொண்டு பாதியில் விலகிவிட்டார். விளையாட்டாக இருந்த மலை, கூலிக்கு ஏறும்போது வேறு மலையாகிவிடுகிறது. ஏற்றத்தை நிர்ணயிக்கிறவன் ஒருவன், ஏறுகிறவன் இன்னொருவன். கங்காணியும் துரையும் பிரான்ஸிலும் இருந்திருக்கிறார்கள்.

சிரிப்பு என்னவென்றால், சும்மா ஏறுகிற நாங்களும் நிற்கிற இந்த உரிமையைக் கையில் வைத்துக்கொள்வதில்லை. ஹாண்டில்பாரில் ஒரு மீட்டரைப் பூட்டுகிறோம். அது எத்தனை மீட்டர் ஏறினாய், போன தடவையைவிட எத்தனை நிமிஷம் பிந்தினாய் என்று சொல்லிக்கொண்டே வரும். காசு கொடுத்து நாமே வாங்கி வைத்த கணக்கப்பிள்ளை. அதற்குப் பயந்து, நின்று பார்க்க வேண்டிய இடத்தில் நிற்காமல் மிதித்த ஆட்கள் எனக்குத் தெரியும். றம்பொடை அருவிக்கு எதிரே தலையைக் குனிந்துகொண்டு போவார்கள்.

அந்தக் கேள்விக்காக நான் குற்ற உணர்ச்சியில் சைக்கிளை விற்றுவிடவில்லை. நான் பஸ்ஸில் போவதால் அந்த அம்மாவின் சாக்கு ஒரு கிலோ குறையப் போவதில்லை. விரும்பி ஏற்கிற கஷ்டம் எல்லாமே விளையாட்டு என்றும் நான் நினைக்கவில்லை. 2023இல் மலையக மக்கள், கூடவே சிங்கள முஸ்லிம் நண்பர்கள், தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு நடந்தார்கள். கோப்பிக் காலத்தில் வழியில் எத்தனையோ பேர் செத்து விழுந்த அதே தடம். ஆகஸ்ட் 12ஆம் தேதி நடை மாத்தளையில் முடிந்தது. காலில் கொப்புளம் வந்தவர்களுக்கு மருந்து கிடைத்தது, இரவு தங்க இடம் கிடைத்தது. காணி, வீடு, சமமான உரிமை என்று கேட்டுக்கொண்டு நடந்தார்கள். முன்னோர் நிற்க முடியாமல் போன பாதையில் இவர்கள் நின்று நின்று போனார்கள். அதுவே ஒரு பதில் மாதிரி எனக்குப் பட்டது.

இப்போது பீக்கோ டிரெயில் என்று கண்டியிலிருந்து ஹட்டன், அப்புத்தளை, எல்ல என்று சுற்றி நுவரெலியா வரை 22 பகுதிகளாக, 300 கிலோமீட்டருக்கு மேல் நடைபாதை அடையாளப்படுத்தியிருக்கிறார்கள். பெரும்பாலும் பழைய தோட்டப் பாதைகள், சில இடங்களில் லயத்துக்கு வெகு பக்கத்தில். வெளிநாட்டுக்காரர் நடந்து போக, வேலிக்கு இந்தப் பக்கம் பிள்ளைகள் வேடிக்கை பார்ப்பார்கள். வேலிக்கு அந்தப் பக்கம் போய் நாமும் சும்மா நடக்கலாம் என்று அந்தப் பிள்ளைகளுக்கு எப்போது தோன்றும் என்று யோசித்திருக்கிறேன்.

என் அக்கா மகளுக்குத் தோன்றிவிட்டது. தோட்டத்து கிரவுண்டில் என் சைக்கிளை எடுத்துப் பழகிவிட்டாள். அடுத்த லீவுக்கு லிந்துலையிலிருந்து நுவரெலியாவுக்கு ஏறப் போகிறாளாம். அக்காவுக்குப் பயம். 2025 மே மாதம் கொத்மலை கெரண்டி எல்லவில் பஸ் பள்ளத்தில் விழுந்து இருபது பேருக்கு மேல் செத்தார்கள். அதே வருஷம் நவம்பரில் டித்வா புயல் மழைக்கு மலைநாடெங்கும் மண் சரிந்தது. பயப்படக் காரணம் இல்லாமல் இல்லை.

“பாதி வழியில முடியலேன்னா என்னடி செய்வ?”

“திரும்பி வந்துருவேன்.”

“திரும்பி வர்றது அம்புட்டும் எறக்கம். மொதல்ல மாமாவ அந்தப் பிரேக் கட்டைய மாத்தச் சொல்லு.”

தலவாக்கலையில் அந்த அளவு பிரேக் கட்டை கிடைக்கவில்லை. கண்டியில் சொல்லி வைத்திருக்கிறேன்.