தட்டில் கலந்த மாத்திரை

சாப்பாட்டில் தெரியாமல் மாத்திரையைக் கலந்து கொடுக்கலாமா? மனநல மருத்துவரின் அறையில் நம்மூர்க் குடும்பங்கள் குரலைத் தணித்துக் கேட்கிற கேள்வி இது. நாவலூரில் எங்கள் தெருவில் இருக்கும் ஓர் அக்கா என்னிடமே கேட்டார். மகனுக்கு இருபத்திரண்டு வயது. ஓஎம்ஆரில் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தவன், யாரோ தன் பேச்சை ஒட்டுக்கேட்கிறார்கள் என்று மூன்று மாதமாக அறைக்குள்ளேயே கிடக்கிறான். "மாத்திரைன்னாலே தட்டைத் தள்ளிவிடுறான் தம்பி. பெத்த புள்ளைக்குத் தெரியாம குடுத்தா பாவமா?"

பாவம் என்று சுலபமாகச் சொல்லிவிட முடியாது. சைக்கோசிஸ் பெரும்பாலும் பதின்பருவத்தின் முடிவிலோ இருபதுகளிலோ தொடங்குகிறது. படிப்பு, வேலை, காதல் எல்லாம் உருவம் கொள்கிற வயது. சிகிச்சை இல்லாமல் கழியும் காலம் நீள நீள, மீள்வது கடினமாகிறது. சாரதா மேனன் 1984இல் சென்னையில் தொடங்கிய ஸ்கார்ஃப் நிறுவனத்தின் ஆய்வாளர்கள் 1998இல் வெளியிட்ட ஆய்வு ஒன்றில், நகரத்திலேயே மனச்சிதைவு கொண்டவர்களில் கால்வாசிக்கும் மேற்பட்டோர் ஒருமுறைகூட சிகிச்சை பெற்றிருக்கவில்லை. காத்திருப்பதற்கும் விலை உண்டு. அந்த அக்காவின் அவசரம் நியாயமானது.

நம்மிடம் இருக்கும் பெரிய பலமும் அந்த அக்கா மாதிரியானவர்கள்தான். முதல்முறை சைக்கோசிஸ் வந்தவர்களைச் சென்னையிலும் மான்ட்ரியலிலும் ஒரே மாதிரியான சிகிச்சை முறையில் வைத்து இரண்டாண்டுகள் ஒப்பிட்டார்கள். சோர்வு, ஒதுங்கிப்போதல் போன்ற அறிகுறிகளில் சென்னைக்காரர்கள் மேலாக இருந்தார்கள். இங்கே குடும்பங்கள் சிகிச்சையில் கூடவே நின்றதும் தெரிந்தது. பணக்கார நாட்டில் இல்லாத ஒன்று நம் அடுக்களையில் இருக்கிறது. சிக்கலும் அங்கேதான். இவ்வளவு பக்கத்தில் இருப்பவர்களால்தான் இவ்வளவு எளிதாக ஏமாற்றவும் முடியும்.

சாப்பாட்டில் எதையோ கலக்கிறார்கள் என்பது இந்த நோயில் அடிக்கடி வரும் சந்தேகம். நாம் உண்மையிலேயே கலக்கிற அன்று அது பிரமை இல்லை. அவன் சொல்வதுதான் சரி, அம்மா சொல்வது பொய். பிரமையைக் குணப்படுத்தப் போய், அதற்கு ஆதாரத்தைக் கையில் கொடுக்கிறோம்.

குழந்தைக்குத் தேனில் மருந்தைக் குழைப்பதில்லையா என்று கேட்கலாம். அது இரண்டு நாள் காய்ச்சல். இந்த மருந்தை மாதக்கணக்கில், பலர் ஆண்டுக்கணக்கில் எடுக்க வேண்டியிருக்கிறது. அவ்வளவு நாள் எந்தப் பொய்யும் தாங்காது. தூக்கம் கூடும், எடை ஏறும். தன் உடம்புக்கு என்ன ஆகிறது என்று அவனுக்கே புரியாது, டாக்டரிடம் சொல்லவும் முடியாது. தேறிவிட்டாலோ, மருந்தில்லாமலே சரியானேன் என்றுதான் நினைப்பான். பிறகு எதற்காக மாத்திரை சாப்பிடுவான்?

சரி, மறுக்கிறவனை என்ன செய்வது? 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் ஒரு வழி சொல்கிறது. தனக்கோ பிறருக்கோ ஆபத்து என்ற நிலையிலும், தன்னைத் தானே பார்த்துக்கொள்ள முடியாமல் ஆபத்துக்குள்ளாகும் நிலையிலும், நியமனப் பிரதிநிதி கேட்டு, இரண்டு நிபுணர்கள் தனித்தனியே பரிசோதித்து ஒப்புக்கொண்டால், முப்பது நாள் வரை மருத்துவமனையில் சேர்க்கலாம். அதை எதிர்த்து மறுஆய்வு வாரியத்தில் அவன் முறையிடலாம். வலுக்கட்டாயமும் காயம்தான். ஆனால் அது முகம் காட்டிச் செய்யப்படுவது. எதிர்த்துப் பேச அவனுக்கு ஓர் இடம் மிச்சமிருக்கிறது. கலந்த சாம்பாரை எதிர்த்து எங்கே முறையிடுவது?

அந்த அளவுக்குப் போகாதவர்களுக்கு மெதுவான வழிதான். கோவா, சதாரா, அன்றைய காஞ்சிபுரம் மாவட்டம் ஆகிய மூன்று இடங்களில் நடந்த ஓர் ஆய்வு 2014இல் வெளிவந்தது. நாவலூரும் அப்போது காஞ்சிபுரம் மாவட்டத்தில்தான் இருந்தது. மருத்துவர் அல்லாத, பயிற்சி பெற்ற சாதாரண ஊழியர்கள் மனச்சிதைவு கொண்டவர்களின் வீட்டுக்கே போய்ப் பேசினார்கள். மருத்துவமனைச் சிகிச்சை மட்டும் பெற்றவர்களைவிட இவர்களுக்கு ஓரளவு கூடுதல் பலன் கிடைத்தது. ஓரளவுதான், அதிசயம் ஒன்றும் இல்லை. ஆனால் யாரும் யாரையும் ஏமாற்றாமல் கிடைத்தது.

அக்காவிடமும் இதைத்தான் சொன்னேன்: மாத்திரையைப் பற்றிப் பேசாதீங்க, தூக்கம் வரலைன்னு சொல்றான் இல்ல, அதுக்காக டாக்டரைப் பார்க்கலாம்னு கேளுங்க. தூக்கம் வராதது அவனுக்கும் தெரிந்த உண்மை. முதல் மாத்திரை அங்கிருந்து தொடங்கலாம்.

சீக்கிரம் சிகிச்சை என்பதை நாட்களால் மட்டும் அளக்க முடியாது. நோய் தணிந்த பிறகும் அவன் அந்த வீட்டில்தான், அதே தட்டில்தான் சாப்பிட வேண்டும்.